மூடிய பிறகும் பாடுகிற பிளேயரை நிப்பாட்டுவது எப்படி

திருகோணமலையில் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு சின்னக் கோவில் இருக்கிறது. திருவிழா நாட்களில் பாட்டுப் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்து நாலைந்து வருடம் ஆகிறது. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை, லேப்டாப் என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு முறை காலைப் பூசைக்கு முன்னர், ஸ்பீக்கர் கட்ட வந்த தம்பி, "அண்ணா, பேஸ் எப்படி வருகுதெண்டு பாப்பம், ஒரு குத்துப்பாட்டுப் போடுங்கோவன்" என்றான். போட்டேன். கோவில் வாசலில் அது முழங்கினால் பெரியவர்களிடம் வாங்கிக் கட்ட வேண்டி வரும் என்ற பயத்தில் ஐந்து வினாடியிலேயே பிளேயரின் சத்தத்தைக் கிட்டத்தட்ட அடிமட்டத்துக்கு இழுத்து, விண்டோவைக் கீழே இறக்கிவிட்டு, அவசரமாக ஒரு பக்திப் பாடலை டபுள் கிளிக் செய்தேன்.

மணி அடித்தது. ஐயர் கையைக் காட்டினார். பிளேயரை மூடினேன், ஒரே அமைதி. ஐயர் மந்திரம் சொல்லத் தொடங்க, மைக் சத்தம் போதவில்லை என்று தம்பி மிக்சரில் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றினான். அதோடு சேர்ந்து, உள்ளே எங்கோ முனகிக்கொண்டிருந்த குத்துப்பாட்டும் எழும்பி வந்துவிட்டது. நான் திரையைப் பார்க்கிறேன், ஒரு விண்டோவும் இல்லை. கீழ்ப் பட்டியைப் பார்க்கிறேன், அங்கேயும் இல்லை. லேப்டாப்பையே மடக்கினேன், பாட்டு நிற்கவில்லை. கடைசியில் தம்பிதான் பாய்ந்து வந்து கேபிளைப் பிடுங்கினான். ஐயர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் மூன்று நாள் விடாமல் சொன்னார்.

பிறகு வீட்டில் ஆறுதலாக உட்கார்ந்து பார்த்தபோது எதுவுமே பழுதில்லை என்று தெரிந்தது. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு விண்டோ திறக்கும்படி பிளேயரை விட்டிருந்தது நான். கீழே இறக்கினால் கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொள்ளும்படி எப்போதோ டிக் போட்டதும் நான். முதல் நாள் இரவு, மூடியை மடக்கினாலும் தூங்காதே என்று லேப்டாப்புக்குச் சொல்லி வைத்ததும் நானேதான். மூன்றும் தனித்தனியே நல்ல வசதிகள், ஒன்றாகச் சேர்ந்து மானத்தை வாங்கின.

அதற்குப் பிறகு உவர்மலையிலிருந்து உப்புவெளி வரைக்கும் யாருடைய போனிலாவது பாட்டு நிற்காவிட்டால் என்னிடம் அனுப்பி வைக்கிறார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். புதிதாகக் கணினி பழகுபவருக்காக எழுதுவதால், தெரிந்தவர்கள் அங்கங்கே தாண்டிப் போகலாம்.

முதலில்: சத்தம் எங்கிருந்து வருகிறது?

சிரிக்காதீர்கள். என்னிடம் வருபவர்களில் நிறையப் பேர் பிழையான சாதனத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஒரு மாமி தன்னுடைய போனில் பாட்டு நிற்கவே மாட்டேன் என்கிறது என்று சொல்லி, போனை நிப்பாட்டியே வைத்துவிட்டார், அப்போதும் பாட்டு வந்தது. மகனுடைய போன் மாடியில் இருந்து புளூடூத்தில் அவருடைய குசினி ஸ்பீக்கரைப் பிடித்திருந்தது. சாதாரண வீட்டுப் புளூடூத் பத்து மீற்றர் அளவுக்கு எட்டும், நடுவில் சுவர் இருந்தால் குறையும். ஆகவே மாடியும் பக்கத்து அறையும் தாராளமாகக் கணக்கில் வரும்.

அதனால் முதல் வேலை, ஸ்பீக்கரின் சுவிட்சை ஒரு தடவை நிறுத்திப் பார்ப்பது. ஹெட்போன், ஸ்பீக்கர், ரி.வி. என்று வெளியே இருந்து சத்தம் கொடுக்கும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் பாட்டு நிற்கிறதோ, அல்லது போனின் சொந்த ஸ்பீக்கருக்கு மாறுகிறதோ, அங்கேதான் நூல் பிடிக்க வேண்டும்.

இதிலே ஒரு சிக்கல் இருக்கிறது. ரி.வி.யில் காஸ்ட் செய்து பாட்டுக் கேட்பவர்கள் நினைப்பது, போனில் ஓடுகிற பாட்டு அங்கே எறியப்படுகிறது என்று. யூடியூப் மாதிரியான ஆப்பில் காஸ்ட் பட்டனை அழுத்தும்போது பொதுவாக நடப்பது வேறு. போன், 'இந்த விலாசத்தில் இந்தப் பாட்டு இருக்கிறது, போய் எடு' என்று ரி.வி.க்குச் சொல்லிவிட்டு விலகிவிடும், ரி.வி. தானே இன்டர்நெட்டிலிருந்து பாட்டை இழுத்து ஓட்டும். அப்புறம் போனில் ஆப்பை மூடினால் என்ன, போனைக் கடலில் எறிந்தால் என்ன, ரி.வி. பாடிக்கொண்டேதான் இருக்கும். ஆப்பைத் திரும்பத் திறந்து, அதே காஸ்ட் பட்டனை அழுத்தி, தொடர்பைத் துண்டிக்க வேண்டும். ஸ்பொட்டிஃபையிலும் இதே கதை உண்டு. ஒரே கணக்கைப் போனிலும் லேப்டாப்பிலும் வைத்திருந்தால், லேப்டாப்பில் ஓடும் பாட்டைப் போனிலிருந்தே ஆட்டுவிக்கலாம். போனில் மூடிவிட்டேன் என்று நீங்கள் நினைக்கிற பாட்டு உண்மையில் லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருக்கலாம். அந்த ஆப்பில் சாதனங்களின் பட்டியலைத் திறந்தால் பாட்டு எங்கே ஓடுகிறது என்று அதுவே சொல்லும்.

இரண்டாவது: எந்தப் புரோகிராம்?

சாதனம் லேப்டாப்தான் என்று உறுதியாகிவிட்டது என்று வைப்போம். இனி உள்ளே யார் பாடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். விண்டோஸில், கீழே வலது பக்க மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தின் மேல் வலது கிளிக் செய்தால் 'வொலியூம் மிக்சர்' என்று ஒன்று வரும். அதைத் திறங்கள். சத்தம் போடுகிற, அல்லது சத்தம் போடத் தயாராக இருக்கிற புரோகிராம்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சத்தக் கோடு. ஒவ்வொன்றையும் கீழே இழுத்துப் பாருங்கள். எதை இழுக்கும்போது பாட்டு அடங்குகிறதோ, ஆள் அவர்தான். என்னுடைய கோவில் நாளில் இது எனக்குத் தெரிந்திருந்தால் பத்து வினாடியில் வேலை முடிந்திருக்கும்.

மிக்சரில் பிளேயரின் பெயருக்குப் பதிலாகக் குரோம் என்றோ எட்ஜ் என்றோ இருந்தால், பாட்டு ஏதோ ஒரு டேபில் ஓடுகிறது என்று அர்த்தம். சத்தம் வரும் டேபின் தலைப்பில் ஒரு சின்ன ஸ்பீக்கர் படம் தெரியும். முப்பது டேப் திறந்து வைத்திருக்கிற ஆட்களுக்கு அது கண்ணில் படாது, அவர்கள் குரோமின் மேல் வலது பக்கத்தில் தோன்றும் இசைக் குறிப்புப் படத்தை அழுத்தினால் போதும், ஓடுவது எதுவென்று அங்கே காட்டி, நிறுத்தவும் விடும். குரோமை முழுவதும் மூடிய பிறகும் ஏதாவது ரேடியோ எக்ஸ்டென்ஷன் (குரோமில் சேர்த்துப் பாவிக்கிற சின்னத் துணைப் புரோகிராம்) பாடிக்கொண்டிருந்தால், குரோமின் செட்டிங்ஸில் 'சிஸ்டம்' என்ற பகுதிக்குப் போய், குரோம் மூடப்பட்டாலும் பின்னணி ஆப்களை ஓட விடு என்று சொல்லும் சுவிட்சை நிறுத்திவிடுங்கள். எட்ஜிலும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது.

மூன்றாவது: ஒளிந்திருக்கிறதா, மாட்டிக்கொண்டிருக்கிறதா?

இதுதான் முக்கியமான இடம், இங்கே கொஞ்சம் மினக்கெடுவோம்.

மேல் மூலையில் இருக்கிற பெருக்கல் குறியை அழுத்தினால் புரோகிராம் முடிந்துவிடும் என்று நாங்கள் எல்லோரும் பழகியிருக்கிறோம். உண்மையில் அந்தக் குறி புரோகிராமிடம் 'உன் விண்டோவை மூடச் சொல்கிறார்கள்' என்று தகவல் மட்டும்தான் கொடுக்கும். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பது அதை எழுதியவரின் முடிவு. சில பிளேயர்கள் முழுவதும் முடிந்து போகும். சில, விண்டோவை மட்டும் மறைத்துக்கொண்டு கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டுப் படமாக உட்கார்ந்துவிடும். கீழே கடிகாரத்துக்கு இடப்பக்கம் மேல்நோக்கிய ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், அதை அழுத்தினால் ஒளிந்திருக்கிறவர்கள் எல்லோரும் வெளியே தெரிவார்கள். பிளேயரின் படத்தில் வலது கிளிக் செய்து, 'குவிட்' அல்லது 'எக்சிட்' கொடுத்தால் பாட்டு நின்றுவிடும்.

நின்றதா? அப்படியானால் உங்களுடைய பிளேயர் பழுதில்லை, அது சொன்னபடி நடந்திருக்கிறது. அந்தப் பழக்கம் பிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் மாற்றலாம். ஸ்பொட்டிஃபையின் கணினிப் பதிப்பில், மூடும் பட்டனை அழுத்தினால் விண்டோவைச் சுருக்கு என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதை நிறுத்திவிடுங்கள். மெக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் சாதாரணம். அங்கே சிவப்புப் பொட்டு பெரும்பாலும் விண்டோவை மட்டும்தான் மூடும், புரோகிராமை முடிக்கக் கொமாண்ட் பட்டனோடு கியூவை அழுத்த வேண்டும். எங்கள் ஊரில் மெக் வைத்திருப்பவர்கள் குறைவு, அதனால் இத்தோடு விடுகிறேன்.

இனி வி.எல்.சி. பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குத் தெரிந்த கணினிகளில் பாதிக்கு மேல் அதுதான் பாட்டுப் போடுகிறது. 1996 இல் பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள், கல்லூரி நெட்வேர்க்கில் வீடியோ அனுப்பிப் பார்ப்பதற்காகத் தொடங்கிய வேலை அது. 2001 இல் திறந்த உரிமத்துக்கு வந்தது. அதன் உள்கட்டமைப்பில், பாட்டை ஓட்டும் கரு வேறு, நாங்கள் பார்க்கிற விண்டோ வேறு. விண்டோ என்பது கருவில் பொருத்தப்பட்ட ஒரு துண்டு மாத்திரமே, அது இல்லாமலேயே கரு ஓடும். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் இந்த அமைப்பால்தான் எந்த ஃபைலைக் கொடுத்தாலும் அது ஓட்டுகிறது. விண்டோ இல்லாமல் பாட்டு மட்டும் வருவதைப் பார்த்தால், பேய் பிடித்தது என்று நினைக்காமல் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதிலே 'டூல்ஸ்' மெனுவுக்குள் 'ப்ரிஃபரன்சஸ்' போனால், முதல் பக்கத்திலேயே இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று, ஒரே நேரத்தில் ஒரு வி.எல்.சி. மட்டும் திறக்க விடு என்பது. விண்டோஸில் இது வழக்கமாக டிக் இல்லாமல்தான் இருக்கும், அதனால் நாலு ஃபைலை டபுள் கிளிக் செய்தால் நாலு வி.எல்.சி. திறக்கும். ஒரே பாட்டு எதிரொலி மாதிரி இரண்டு தடவை கேட்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். டிக் போட்டுவிடுங்கள். இரண்டாவது, கடிகாரத்துக்குப் பக்கத்தில் படம் காட்டுவது பற்றியது. அந்தப் படத்தைத் தெரியாமல் அழுத்தினால் விண்டோ மறைந்துவிடும், பாட்டு போய்க்கொண்டிருக்கும். உங்களுக்கு அது தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

சரி, அம்புக்குறிக்குள்ளும் ஒன்றும் இல்லை, விண்டோவும் இல்லை, ஆனால் பாட்டு வருகிறது. அப்படியென்றால் புரோகிராம் மூடப்போகிற வழியில் எங்கோ மாட்டிக்கொண்டு நிற்கிறது.

கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர், அதாவது ஓடுகிற புரோகிராம்களின் பட்டியல், திறக்கும். மேலே 'ஆப்ஸ்' என்ற பகுதியில் பிளேயர் இருக்காது, ஏனென்றால் விண்டோ போய்விட்டது. கீழே 'பேக்ரவுண்ட் புரோசசஸ்' பகுதியில் தேடுங்கள். பெயரைக் கண்டதும் அதை ஒரு கிளிக்கில் தெரிவு செய்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். அந்த நொடியே பாட்டு அறுந்து நிற்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. ஒரே பெயரில் பல வரிகள் இருந்தால் பதற வேண்டாம், குரோம், ஸ்பொட்டிஃபை போன்றவை வேலையைப் பல துண்டாகப் பிரித்துத்தான் ஓட்டும். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன, ஒவ்வொன்றின் சூடும் வேறு, அதுபோலத்தான். ஏதோ ஒரு வரியைக் கொன்றால் ஒரு டேப் மட்டும் விழும், பாட்டு வேறு வரியில் இருக்கும். தலைப்பு வரியைத் தெரிவு செய்து முழுக் கூட்டத்தையும் முடியுங்கள். இரண்டாவது, 'விண்டோஸ் ஆடியோ டிவைஸ் கிராஃப் ஐசொலேஷன்' என்று நீட்டி முழக்கி ஒரு பெயர் அங்கே இருக்கும். பெயரில் ஆடியோ என்று இருப்பதால் நிறையப் பேர் இதைப் பிடித்துக் கொல்கிறார்கள். அது கணினியின் பொதுச் சத்த வேலைக்காரர், யார் பாடினாலும் அவர் வழியாகத்தான் போகும். அவரை முடித்தால் எல்லோருடைய சத்தமும் குழம்பும், குற்றவாளி அப்படியே இருப்பார்.

ஏன் மாட்டிக்கொள்கிறது?

ஒரு தடவை நடந்தால் விட்டுவிடுங்கள், ஆராய்ச்சி வேண்டாம். ஒவ்வொரு நாளும் நடந்தால்தான் காரணம் தேட வேண்டும்.

பிளேயருக்குள்ளே ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கின்றன. ஒன்று விண்டோவைக் கவனிக்கிறது, ஒன்று ஃபைலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசிக்கிறது, ஒன்று வாசித்ததைச் சத்தமாக மாற்றி சவுண்ட் கார்டுக்கு ஊட்டுகிறது. மூடச் சொன்னதும் விண்டோவைக் கவனிக்கிறவர் முதலில் கிளம்பி, மற்றவர்களிடம் 'முடித்துவிட்டு வாருங்கள்' என்று சொல்வார். அவர்களில் ஒருவர் எதற்காவது காத்துக்கொண்டு நின்றால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. காத்திருப்பது பெரும்பாலும் வெளியே இருக்கிற ஒரு பொருளுக்காக. இடையில் பிடுங்கிய பென் டிரைவ், தூங்கிப் போன எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க், சிக்னல் விழுந்துபோன இன்டர்நெட் ரேடியோ, தூரமாய்ப் போன புளூடூத் ஸ்பீக்கர், இப்படி.

ஆகவே சோதிக்கும் முறை சுலபம், பொறுமைதான் வேண்டும். ஒரு சாதாரண எம்.பி.3 பாட்டைக் கணினியின் சொந்த டிஸ்கில் கொப்பி பண்ணுங்கள். புளூடூத்தை நிறுத்திவிட்டு, வயர் ஹெட்போனைக் குத்துங்கள். பாட்டைப் போட்டு, பாதியில் மூடுங்கள். ஒழுங்காக நின்றால் பிளேயர் நல்லது. பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரு மாற்றம் மட்டும்: அதே பாட்டைப் பென் டிரைவிலிருந்து, அப்புறம் புளூடூத்தில், அப்புறம் இன்டர்நெட் ரேடியோவில். எதிலே மாட்டுகிறதோ அதுதான் காரணம். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றிவிட்டு 'சரியாகிவிட்டது, ஆனால் ஏன் என்று தெரியவில்லை' என்று வருபவர்கள் அடுத்த கிழமையும் வருவார்கள்.

சொந்த டிஸ்கில் இருக்கும் பாட்டுக்கே மாட்டுகிறது என்றால், பிளேயரைப் புதிய பதிப்புக்கு மாற்றுங்கள். அதற்குப் பிறகும் அப்படித்தான் என்றால் செட்டிங்ஸைத் தொடக்க நிலைக்குக் கொண்டு போங்கள். வி.எல்.சி.யில் அதே ப்ரிஃபரன்சஸ் பக்கத்தின் அடியில் 'ரீசெட் ப்ரிஃபரன்சஸ்' என்று இருக்கிறது. அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதைப் பலர் முதல் வைத்தியமாகச் செய்கிறார்கள், ஆனால் பழைய செட்டிங்ஸை அழிக்காமல் நிறுவினால் பழைய நோயும் கூடவே வரும், மினக்கெட்டதுதான் மிச்சம்.

இன்னொரு வகை உண்டு, அதைக் கேட்டவுடனே அடையாளம் காணலாம். பாட்டு ஓடாது, அரை வினாடித் துண்டு ஒன்று 'டர்ர்ர்' என்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும், டாஸ்க் மேனேஜரில் பிளேயரைக் கொன்றாலும் நிற்காது. சவுண்ட் கார்ட் ஒரு சின்ன வட்டத் தொட்டியிலிருந்து சத்தத்தை எடுத்துக்கொண்டே இருக்கும், அந்தத் தொட்டியை நிரப்புகிறவர் நின்றுவிட்டால் பழையதையே சுற்றிச் சுற்றி வாசிக்கும். இது டிரைவரின், அதாவது சவுண்ட் கார்டை இயக்குகிற புரோகிராமின், கோளாறு. இதற்கு 'ஷட் டவுன்' கொடுத்துத் திரும்பப் போடுவது சரிவராமல் போகலாம். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கிக்கொண்டிருந்தால், ஷட் டவுன் செய்யும்போது டிரைவர்களின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த தடவை அதையே எடுத்து வைக்கும். 'ரீஸ்டார்ட்' கொடுங்கள், அதுதான் முழுவதும் கழுவித் துடைத்துத் தொடங்கும். அப்புறம் சவுண்ட் டிரைவரை, லேப்டாப் செய்த கம்பனியின் தளத்திலிருந்து புதுப்பியுங்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்கே பாதி தெரிந்திருக்கும். 'பாவுகன்ட்ரோல்' என்ற சின்னப் புரோகிராமை நிறுவி, அதன் 'பிளேபேக்' பகுதியைத் திறந்தால் யார் சத்தம் போடுகிறார் என்று தெரியும். கொல்ல வேண்டும் என்றால் டெர்மினலில் 'கில்ஆல்' என்ற கட்டளையோடு பிளேயரின் பெயர். வெறுமனே கொடுத்தால் 15 ஆம் இலக்க சிக்னல் போகும், அது 'தயவுசெய்து முடித்துக்கொள்' என்று கேட்பது, பிளேயர் பாட்டு வரிசையைச் சேமித்துவிட்டு முடியும். அதற்கு அசையாவிட்டால் மட்டும் 9 ஆம் இலக்கம், அது கேட்பதில்லை, வெட்டிவிடும். எடுத்த எடுப்பில் 9 அடிக்கிற பழக்கம் வேண்டாம்.

எம்.பி.டி. என்ற பிளேயரைப் பாவிப்பவர்கள் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அது விண்டோவே இல்லாமல் பின்னணியில் பாடுவதற்காகவே எழுதப்பட்டது. நீங்கள் திறந்து மூடுகிற விண்டோ அதனுடைய ரிமோட் மட்டும்தான். ரி.வி. ரிமோட்டை மேசையில் வைத்தால் ரி.வி. நிற்காது அல்லவா. மூடுவதற்கு முன் ஸ்டொப் கொடுங்கள்.

போனில்

இங்கேதான் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள். அண்மையில் திறந்த ஆப்களின் பட்டியலைக் கொண்டுவந்து, பிளேயரை மேலே தள்ளிவிட்டால் அது செத்துவிட்டது என்று நம்புகிறார்கள். எங்கள் ஊர் பஸ் நிலையப் பக்கம் திரிகிற மான்களைத் துரத்திப் பார்த்திருக்கிறீர்களா? நாலடி நகரும், பிறகு உங்களுடைய சொப்பிங் பையை நோக்கியே திரும்ப வரும். அன்ட்ரொய்டில் பட்டியலிலிருந்து தள்ளுவதும் அந்த அளவுதான். பாட்டு ஆப்கள் பாட்டை ஓட்டுவதற்கு, விண்டோவோடு சம்பந்தமில்லாத ஒரு சேவையை முன்னணிச் சேவை என்று பதிந்து வைத்திருக்கும். திரையைத் தள்ளிவிட்டால் அந்தச் சேவைக்கு ஒரு தகவல் போகும், நிற்பதா தொடர்வதா என்பது ஆப் எழுதியவரின் விருப்பம். பலர் தொடர்கிற மாதிரித்தான் எழுதுகிறார்கள், ஏனென்றால் பாட்டுக் கேட்டுக்கொண்டே மற்ற வேலை பார்க்கிறவர்கள்தான் அதிகம்.

நிறுத்துவதற்குச் சரியான வரிசை இது. மேலிருந்து கீழே இழுத்து, நோட்டிபிகேஷன் பகுதியில் பாட்டின் பெட்டியைப் பாருங்கள், 'போஸ்' அழுத்துங்கள், பிறகு அந்தப் பெட்டியைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். பாட்டு ஓடும்போது தள்ளினால் அசையாது, நிறுத்திவிட்டுத்தான் தள்ள வேண்டும், இந்த ஒரு வரி தெரியாமலே எத்தனை பேர் போனை ரீசெட் பண்ணியிருக்கிறார்கள். அதற்கும் மசியாவிட்டால், அன்ட்ரொய்ட் 13 உம் அதற்குப் பிந்தியதும் உள்ள போன்களில், முழுவதும் கீழே இழுத்தால் பின்னணியில் ஓடுகிற ஆப்களின் எண்ணிக்கை அடியில் தெரியும். அதைத் தொட்டால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'ஸ்டொப்' பட்டன். அது 2022 இல் வந்த வசதி. பழைய போன் என்றால், செட்டிங்ஸ், ஆப்ஸ், பிளேயரின் பெயர், 'ஃபோர்ஸ் ஸ்டொப்'. ஐபோனில் இந்தத் தலையிடி குறைவு, அங்கே பட்டியலிலிருந்து மேலே தள்ளினால் பொதுவாகப் பாட்டும் நின்றுவிடும்.

ஓட்டோ வைத்திருக்கிற ஒரு அண்ணன் சொன்ன முறைப்பாடு வேறு மாதிரி. நிலாவெளிக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றிப் போகிறவர். "தம்பி, நான் எல்லாத்தையும் மூடிப்போட்டுத்தான் படுக்கிறன், காலமை திறப்பைத் திருப்பினவுடன தானாப் பாடுது" என்றார். ஓட்டோவில் பூட்டியிருக்கிற செட் உயிர் பெற்றதும் புளூடூத்தில் போனைப் பிடித்து, 'பாடு' என்ற கட்டளையையும் சேர்த்தே அனுப்புகிறது. போன் அந்தக் கட்டளையைக் கடைசியாகப் பாடிய ஆப்பிடம் கொடுக்கும், அந்த ஆப் மூடியிருந்தாலும் எழும்பி வரும். ஃபோர்ஸ் ஸ்டொப் கொடுத்த ஆப் மட்டும், நீங்களாகத் திறக்கும் வரை எழும்பாது. ஆனால் ஒவ்வொரு இரவும் அதைச் செய்ய யாரால் முடியும்? பிளேயரின் செட்டிங்ஸில் புளூடூத் இணைந்ததும் தானாகப் பாடுவது பற்றி ஏதாவது இருந்தால் நிறுத்தலாம். இல்லாவிட்டால் போனின் புளூடூத் பட்டியலில் அந்தச் செட்டைத் தொட்டு, 'மீடியா ஆடியோ' சுவிட்சை நிறுத்தி, அழைப்புக்கு மட்டும் விடலாம். அவர் இரண்டையும் கேட்டுவிட்டு, "அப்ப பகலில பாட்டுக் கேக்கேலாதோ?" என்றார். மீடியா ஆடியோவை நிறுத்தினால் ஏலாது. கடைசியில் செட்டின் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுப் படுக்கப் போகிறார், அதுவும் ஒரு தீர்வுதான்.

இரவில் பாட்டுக் கேட்டுக்கொண்டே தூங்குகிறவர்கள், பிளேயரில் 'ஸ்லீப் டைமர்' இருக்கிறதா என்று தேடுங்கள், அனேகமாக இருக்கும். அரை மணித்தியாலம் வைத்தால் தானே நிற்கும்.

ஏதாவது நிகழ்ச்சிக்குப் பாட்டுப் போடப் போகிறீர்கள் என்றால்

முதல் நாளே ஒரே ஒரு பிளேயர் மட்டும் திறக்கிற மாதிரி டிக் போடுங்கள். லேப்டாப்பை மடக்கினால் என்ன நடக்கும் என்று பவர் ஒப்ஷன்சில் பாருங்கள், 'எதுவும் செய்யாதே' என்று இருந்தால் அதை மறக்காமல் இருங்கள். பிரவுசரை முழுவதும் மூடுங்கள், போனின் புளூடூத்தை நிறுத்துங்கள், நோட்டிபிகேஷன் சத்தங்களையும் அடக்குங்கள், இல்லாவிட்டால் உங்களுக்கு வருகிற ஒவ்வொரு செய்தியும் ஊருக்கே 'டிங்' என்று கேட்கும். பாட்டை நிறுத்த வேண்டிய நேரத்தில் பெருக்கல் குறியைத் தேடாதீர்கள், ஸ்பேஸ் பட்டனைத் தட்டுங்கள், பிளேயர் முன்னால் இருந்தால் பெரும்பாலானவை அதற்கு நிற்கும். அதோடு ஸ்பீக்கர் கட்டுகிறவரிடம், அவருடைய மிக்சரில் லேப்டாப்புக்கு உரிய சத்தக் கோட்டை முழுவதும் கீழே இறக்கச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பி இப்போது பெரிய ஆள், மூன்று நாலு கோவிலுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறான். எங்கள் கோவிலுக்கு வந்தால் இவ்வளவையும் நான் செய்துவிட்டேன் என்று சொன்னாலும் நம்புவதில்லை. மணியை எடுக்க ஐயர் கையை நீட்டும்போது பார்க்கிறேன், அவனுடைய இரண்டு விரல் ஏற்கெனவே என்னுடைய கேபிளில் இருக்கிறது.